மிளகாய் நெடிக்கு அப்பத்தா மட்டும் ஏன் இருமுறதில்லை?

மார்ச் 2, மாலை 6:40 (கேள்வி)

படைப்புக்கு ஊருக்கு வந்திருக்கோம். காரைக்குடி பக்கம், பழைய வீடு. அப்பத்தாவுக்கு 84 வயசு. கடைசிக் கட்டுல, அடுப்படியில நின்னு வரமிளகாய் வறுக்கிறாங்க. முகப்புல உக்காந்திருக்கிற நாங்க அத்தனை பேரும் இருமித் தள்ளுறோம், கண்ணுல தண்ணி. அவங்க ஒரு செருமல்கூட இல்லாம கிளறிக்கிட்டு இருக்காங்க. கேட்டா "பட்டணத்துத் தொண்டை அப்படித்தான்"ங்கிறாங்க. இது பழக்கமா, வயசாகி நரம்பு செத்துப்போச்சா? நெடிங்கிறதும் ஒரு வாசனைதானா?

மார்ச் 2, இரவு 9:15

இதுக்கு நான் பதில் சொல்லாம யாரு சொல்றது. 22 வருஷமா மிளகாய் மிஷின் ஓட்டுறேன். படிச்சது விலங்கியல். ரெண்டும் சேர்ந்து பயன்படுற இடம் இது ஒண்ணுதான்.

நெடி வாசனை இல்லை. வாசனை மூக்கோட மேல்கூரையில இருக்கிற நரம்பு வழியா போகும். நெடி போறது வலி நரம்பு வழியா. மூக்கு, கண்ணு எரிச்சலுக்கு ட்ரைஜெமினல் நரம்பு. தொண்டையிலிருந்து நுரையீரல் வரைக்கும் வேகஸ் நரம்பு. ஜலதோஷம் பிடிச்சு மல்லிக்கும் சீரகத்துக்கும் வாசனை தெரியாதவன்கூட மிளகாய் நெடிக்கு இருமுவான். வழி வேற.

நுரையீரல்லேருந்து வேகஸ்ல மேல போற நார்கள்ல பெரும்பகுதி மைலின் உறை இல்லாத மெல்லிசான நார்கள். சி நார்னு பேரு. ரப்பர் சுத்தாத கம்பி மாதிரி நினைச்சுக்கங்க. வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர், ஆள் நடக்கிற வேகம்தான். அதோட நுனியில டி.ஆர்.பி.வி.1னு ஒரு புரதக் கதவு. 43 டிகிரிக்கு மேல சூடு பட்டா திறக்கும். மிளகாயில இருக்கிற கேப்சைசின் வந்து ஒட்டினா, சூடே இல்லாம திறந்துக்கும். மூளைக்குப் போற சேதி ஒண்ணுதான்: உள்ள தீ. இருமி வெளிய தள்ளு. இந்தக் கதவை 1997ல கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் பரிசு, ஆர்டெம் பட்டபூட்டியனோட சேர்த்து.

உங்க அப்பத்தா விஷயம் சுலபம். கேப்சைசின் திரும்பத் திரும்பப் பட்டா அந்த நுனி மரத்துப்போகும். ஹங்கேரியில யாஞ்சோ மிக்லோஷ்னு ஒருத்தர் 1940கள்லயே இதைப் பார்த்துட்டார். 70 வருஷமா அடுப்படியில நிக்கிறாங்க, நரம்பு மரத்துப்போச்சு. முடிஞ்சது.

மார்ச் 3, காலை 5:50

முடியலை. படுத்தப்புறம் தோணுச்சு.

யாஞ்சோ விலங்குகளுக்குக் கொடுத்தது பெரிய அளவு. அடுப்படிப் புகை அந்தக் கணக்குல வராது. என் கதையையே பாருங்க. நான் அந்தத் தூசியில தினம் நிக்கிறவன். பொங்கலுக்கு அஞ்சு நாள் மிஷினை மூடிட்டுத் திறந்தா, முதல் நாள் புதுசா வந்த பையன் மாதிரி இருமுவேன். மூணாம் நாள் அடங்கும். ஏதோ ஒரு பழக்கம் இருக்கு, ஆனா அஞ்சு நாள்ல கழண்டு போற பழக்கம். 70 வருஷம்னு நான் அளந்ததெல்லாம் சும்மா.

இன்னொண்ணு. மிஷின் கொட்டகையில மோசமான இடம் மிஷினுக்குப் பக்கம் இல்லை. வாசப்படிதான். மாவு விழுற வாயில துணிப்பை கட்டியிருக்கும். அரைச்சு முடிச்சதும் பையன் பையை அவிழ்த்து ரெண்டு உதறு உதறுவான். அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாம மேல எழும்பி, காத்து இழுக்கிற பக்கமா, அதாவது வாசலுக்கு நகரும். அங்க தூக்குவாளியோட நிக்கிற ஆச்சிதான் முந்தானையை மூக்குல வச்சுக்கிட்டு "என்ன தம்பி, கொல்லுறியே"ம்பாங்க. நான் மிஷின் பக்கத்துல சுகமா நிப்பேன்.

கேப்சைசின் லேசுல ஆவியாகிற சாமான் இல்லை. தூசியிலயோ எண்ணெய்ப் புகையோட நுண்ணிய துளியிலயோ ஏறித்தான் வரும். பெரிய துகள் மூக்குலயே ஒட்டிக்கும், தும்மல். பொடிசா இருக்கிறது கீழ இறங்கும், இருமல். மிஷின்ல தும்மல் ஜாஸ்தி, அடுப்படியில இருமல் ஜாஸ்தின்னு நான் பார்த்ததுக்கு இதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

அதனால கேள்விக்காரருக்கு ஒரு எதிர்க்கேள்வி. உங்க வீட்டு அடுப்படிக்குப் பின்கதவு எந்தப் பக்கம்? காத்து எங்கேருந்து எங்க போகுது?

மார்ச் 3, இரவு 10:30

"மிளகாயே போடாம எண்ணெய் தீஞ்சாலும் இருமல் வருதே, உங்க கதவு எங்க போச்சு"ன்னு கேட்டவருக்கு: அது பக்கத்துக் கதவு. டி.ஆர்.பி.ஏ.1. பல சி நார்ல ரெண்டு கதவும் சேர்ந்தே இருக்கும். தீஞ்ச எண்ணெய்லயும் விறகுப் புகையிலயும் அக்ரோலின்னு ஒரு சாமான் உண்டு, அது இதைத் திறக்கும். பச்சைப் பூண்டு, அரைச்ச கடுகு, குளோரின் எல்லாம் இந்தக் கதவுக்காரங்கதான். மிளகு முதல் கதவுக்காரர். மிளகாய் போர்த்துகீசியர் கப்பல்ல வந்து சேர்றதுக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க மிளகை வச்சு அந்தக் கதவைத் தட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க.

வரமிளகாயை எண்ணெய்ல போட்டுக் கருக விட்டா ரெண்டு கதவும் ஒரே நேரத்துல. உப்புக்கறிக்கு நல்லெண்ணெய்ல வரமிளகாயைக் கிள்ளிப் போடுற அந்த அரை நிமிஷம் தெருவே சொல்லும் யார் வீட்டுல கறின்னு.

மார்ச் 5, மதியம் 2:05

உப்பு விவகாரம். "வறுக்கும்போது ஒரு கை கல்லுப்பு போட்டா நெடி வராது"ன்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. நேத்து கொல்லையில ரெண்டு அடுப்பு, ரெண்டு இரும்புச் சட்டி, ஒரே மூட்டை ராமநாதபுரம் குண்டு மிளகாய். ஒண்ணுல உப்பு, ஒண்ணுல இல்லை. வீட்டுக்காரி அந்தப் பக்கமே வரலை. வேலையத்த வேலைன்னு ஒரே வார்த்தை.

சட்டியை இளஞ்சூட்டுல வச்சு நிறம் மாறுறதோட இறக்கினா ரெண்டுலயும் பெரிசா நெடி இல்லை. சூட்டை ஏத்தி ஓரம் கறுக்க விட்டா ரெண்டுலயும் நெடி. உப்புச் சட்டியில கறுக்குறதுக்குக் கொஞ்சம் நேரமாச்சு, அவ்வளவுதான். உப்பு நெடியைப் பிடிக்கலை, சூட்டை வாங்கிக்கிச்சுன்னு எனக்குப் படுது. ஒரே நாள், ஒரே மூக்கு. இதை ஆராய்ச்சின்னு யாரும் பரப்ப வேணாம்.

அப்புறம்தான் வம்பு. மீந்த மிளகாயையும் உப்பையும் அப்படியே நெருப்புல கொட்டினேன். கங்கு நல்லா செக்கச்செவேல்னு இருந்துச்சு. படபடன்னு உப்பு வெடிச்சுது, குப்புனு எரிஞ்சுது. நெடியே இல்லை! திண்ணையிலிருந்து அம்மா பார்த்துட்டாங்க. "பாத்தியா, எம்புட்டுக் கண்ணு இருந்திருக்கு."

சுத்திப் போடுறப்ப நெடி வரலைன்னா திருஷ்டி அதிகம்னு சொல்றது இதைத்தான். செங்கங்குல விழுந்தா மிளகாய் சட்டுனு எரிஞ்சுபோகும், கேப்சைசினும் சேர்ந்து எரியும். அணையப்போற நெருப்புல விழுந்தா புகைஞ்சு அத்தனையும் காத்துல வரும். இதை அம்மாகிட்ட சொன்னேன். மறுபடியும் எனக்குச் சுத்திப் போட்டாங்க.

மார்ச் 5, மாலை 4:40

கிளிக்கு மிளகாய் ஏன் உறைக்கலைன்னு கேட்டது நல்ல கேள்வி. பறவைக்கும் அந்தக் கதவு உண்டு, சூட்டுக்குத் திறக்கும். கேப்சைசின் ஒட்டுற இடம் மட்டும் மாறிப்போயிருக்கு. எலி கடிச்சா விதை நசுங்கும், பறவை முழுங்கினா விதை முழுசா வேற ஊர்ல விழும். செடிக்கு யார் வேணும்னு செடிக்குத் தெரியும்.

மார்ச் 7, இரவு 11:20

புரையேறுறதும் இதுவும் ஒண்ணான்னு கேட்டிருக்கு. இல்லை. நான் முதல் நாள் எல்லாத்தையும் சி நார் தலையில கட்டினது தப்பு.

குரல்வளையிலயும் மூச்சுக்குழாய்லயும் இன்னொரு வகை நார் இருக்கு. லேசா மைலின் போர்த்தினது, சி நாரைவிடப் பல மடங்கு வேகம். மிளகாயை அது கண்டுக்காது. தொட்டா துள்ளும். சோத்துப் பருக்கை, தண்ணித் துளி, வயித்திலிருந்து மேல வர்ற புளிப்பு, இதுக்கெல்லாம் அதுதான் காவல். கினிப்பன்றிக்கு மயக்க மருந்து கொடுத்துட்டு மூச்சுக்குழாயைத் தொட்டா அப்பவும் இருமும். அதே நிலையில கேப்சைசினைக் காட்டினா இருமாது. ரெண்டும் ரெண்டு ஏற்பாடுன்னு அதுலதான் தெளிவாச்சு.

ஒரு கணக்கு போட்டேன். குரல்வளையிலிருந்து மூளைத்தண்டுக்கு 20 செ.மீ. தூரம்னு வைங்க. சி நார்ல 0.2 வினாடி. வினாடிக்கு 5 மீட்டர் போற நார்ல 0.04 வினாடி. பருக்கை உள்ள விழுந்தா யோசிக்கவே நேரமில்லை, முதல்ல உதறணும். நெடிக்கு அவசரம் அவ்வளவு இல்லை. முதல்ல கமறும், அடக்கிப் பார்ப்போம், முடியாம அப்புறம் இருமுவோம். புரையேறினா யாராவது அடக்கிப் பார்க்கிறீங்களா?

யாரோ நினைக்கிறதாலதான் புரையேறுதுன்னா, எங்க கடன்காரர் தினமும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் என்னை நினைக்கிறார்.

மார்ச் 9, காலை 6:30

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அம்மா விஷயம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு இருமல் பிடிச்சுது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குழியில எறும்பு ஊர்ற மாதிரி, வறட்டு இருமல். ராத்திரி படுத்தா ஜாஸ்தி. பேச ஆரம்பிச்சா வரும், சிரிச்சா வரும். சாம்பிராணி போட்டா போச்சு. வீட்டுல தீர்ப்பு உடனே சொல்லியாச்சு: "உன் மிஷின் தூசி." சட்டையோட வீட்டுக்குள்ள வரக்கூடாது. கொல்லையில குளிச்சு, வேட்டி மாத்தி, அப்புறம்தான் சோறு. அப்பவும் இருமல் நிக்கலை. ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே, ரத்தம், மூணு வகை சிரப், ஒரு பை நிறைய ஆன்டிபயாட்டிக். "வயசானா அப்படித்தான், தூசியைத் தவிருங்க"ன்னு சொல்லி அனுப்பினாங்க. நாலு மாசம்.

கண்டுபிடிச்சது மருந்துக் கடையில நின்ன பையன். வழக்கமான பி.பி. மாத்திரை வாங்கப் போனேன். பட்டையைப் பார்த்துட்டு, "அண்ணே, இது எனாலபிரில். யாருக்காவது வறட்டு இருமல் இருக்கா?"ன்னு கேட்டான். எனக்கு அங்கேயே கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. கேப்சைசின் கதையெல்லாம் தெரிஞ்ச எனக்கு இது தெரியலை.

நடக்கிறது இதுதான். பிராடிகைனின்னு உடம்புல ஒரு சாமான். அதை உடைக்கிற என்சைமுக்கு ஏ.சி.இ.ன்னு பேரு, நுரையீரல் ரத்தக்குழாய்ல நிறைய உண்டு. பிரில்னு முடியிற மாத்திரைங்க (எனாலபிரில், ராமிபிரில், லிசினோபிரில்) அந்த என்சைமை அடைக்கும். ரத்த அழுத்தம் குறையும், அது நல்லது. கூடவே பிராடிகைனின் தேங்கும். அது சி நாரைத் தொட்டாச்சிணுங்கியா ஆக்கிடும். எல்லாருக்கும் வராது. பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா வரும். மாத்திரை ஆரம்பிச்ச அன்னைக்கே வரணும்னும் இல்லை, மாசம் கழிச்சும் வரும், அதனாலதான் யாருக்கும் முடிச்சுப் போடத் தோணுறதில்லை.

டாக்டர் மாத்திரையை, சார்டன்னு முடியிற வேற வகைக்கு மாத்திக் கொடுத்தார். அது அந்த என்சைமைத் தொடாது. மூணு வாரத்துல இருமல் நின்னுது. யாரும் இதைப் படிச்சுட்டு நீங்களா மாத்திரையை நிறுத்திராதீங்க. பி.பி. ஏறினா அது வேற கதை. கேட்டு மாத்துங்க.

மார்ச் 9, இரவு 8:45

காலையில எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. மாத்திரைதான் காரணம்னு தெரிஞ்சதும் நான் அம்மாகிட்ட ஜெயிச்ச மாதிரி பேசினேன். "பாத்தீங்களா, என் தூசி இல்லை." இப்ப யோசிச்சா அம்மா சொன்னதும் பொய்யில்லை. நரம்பு நுனி தொட்டாச்சிணுங்கியா இருந்த அந்த நாலு மாசத்துல என் சட்டையில ஒட்டியிருந்த பொடிக்கு நிஜமாவே இருமியிருப்பாங்க. அதே சட்டை, அதே பொடி, முன்னாடி 19 வருஷம் ஒண்ணும் செய்யலை. தூசி மாறலை, நரம்போட வரம்பு மாறிப்போச்சு. 1984லிருந்தே ஆஸ்பத்திரிகள்ல கேப்சைசின் கரைசலை நுண்துளியாக்கி உறிஞ்ச விட்டு, எந்த அளவுல இருமுறாங்கன்னு அளக்கிறாங்க. ஒரே அளவுக்கு ஒருத்தர் சும்மா இருப்பார், பக்கத்துல இருக்கிறவர் துடிப்பார். ஜலதோஷம் இருக்கிற வாரத்துல அதே ஆளுக்கே வரம்பு இறங்கிடும். பீடி, சிகரெட் குடிக்கிறவங்களுக்கு வரம்பு ஏறியிருக்கும். "எனக்கு இருமலே வராது, நெஞ்சு கெட்டி"ன்னு பீடி குடிக்கிறவர் சொன்னா, கெட்டியானது நெஞ்சு இல்லை.

மார்ச் 11, மதியம் 1:30

"நரம்பை மட்டும் அணைக்க மாத்திரை இல்லையா?" ஒண்ணு வந்திருக்கு. கெஃபாபிக்சன்ட். ஏ.டி.பி.ன்னு ஒரு சாமான் நரம்பு நுனியில பி2எக்ஸ்3ங்கிற கதவைத் தட்டும், அதை இது அடைக்கும். ஜப்பான்ல 2022ல அனுமதி, ஐரோப்பாவுல 2023ல. அமெரிக்காவுல ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. பக்க விளைவு என்னன்னா, நாக்குல ருசி கெட்டுப்போகும். ருசி நரம்புலயும் அதே கதவு. செட்டிநாட்டுல இதை யார் வாங்குவாங்க? இருமிக்கிட்டே சாப்பிட்டுக்கிறோம்னுவாங்க.

மார்ச் 12, இரவு 9:50

"எல்லாம் வெள்ளைக்காரன் பேரா இருக்கே"ன்னு குத்தினவருக்கு. அவ்தார் சிங் பெயின்டால். நுரையீரலோட காத்துப்பைக்கும் ரத்த நுண்குழாய்க்கும் இடையில முடியிற சி நார்களை 1950கள்ல கண்டுபிடிச்சது அவர்தான். ஜே ஏற்பின்னு உலகம் பூரா பாடப் புத்தகத்துல இருக்கு. நுரையீரல்ல நீர் கோத்தா அதுதான் முதல்ல கத்தும். மூச்சு மேலோட்டமா, வேகமா ஓடும். இதயம் பலவீனமானவங்க படுத்தா மூச்சுத் திணறி எழுந்து உக்கார்றதுல அதுக்கும் பங்கு உண்டு. பின்னாடி டெல்லியில ஐ.சி.எம்.ஆர்.ங்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தலைமை இயக்குநரா இருந்தார்.

அவர் பிறந்த ஊர் தெரியுமா? பர்மாவுல மோகோக், மாணிக்கக் கல் எடுக்கிற ஊர், 1925. நம்ம பக்கத்து ஆளுங்க பர்மாவுல கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பண்ண, போன அதே காலம். கேள்விக்காரரே, உங்க வீட்டு வளவுல நிக்கிற தேக்குத் தூணும் அநேகமா அங்கேருந்து வந்ததுதான். அந்த நரம்பும் அந்தத் தூணும் ஒரு ஊர்க்காரங்க.

மார்ச் 12, இரவு 10:05

திருத்தம். வேகஸ் "தொண்டையிலிருந்து" கீழன்னு எழுதினேன். அதுல ஒரு சின்னக் கிளை காதுத் துவாரத் தோலுக்கும் போகுது. கோழி இறகை விட்டுக் காது குடையும்போது சிலருக்கு இருமல் வருமே, அது இதுதான். எங்க சித்தப்பாவுக்கு வரும். இடது காதுக்கு மட்டும்.

மார்ச் 14, காலை 7:15

கேள்விக்காரர் நேத்து எழுதினதைப் பார்த்ததும் என் முதல் பதிலை அழிக்கணும்போல இருந்துச்சு. அப்பத்தாவுக்குப் போன வருஷம் ரெண்டு தடவை நெஞ்சுச் சளி, காய்ச்சல்னு சொல்றீங்க.

84 வயசுல இருமாம இருக்கிறது எப்பவும் பெருமையில்லை. வயசானா, முக்கியமா பக்கவாதம் வந்தவங்களுக்கு, இருமல் அனிச்சை மங்கும். தண்ணியும் எச்சிலும் சத்தமில்லாம மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கும், நிமோனியா வரும். ஜப்பான்ல பக்கவாதம் வந்த பெரியவங்களுக்கு, எங்கம்மாவைப் படுத்தின அதே பிரில் வகை மாத்திரை நிமோனியாவைக் குறைச்சதா 1998ல எழுதினாங்க. அங்க அந்த இருமல் கொடுப்பினை!

தண்ணி குடிச்சதும் குரல் களகளன்னு ஆகுதா பாருங்க. சாப்பிடும்போது ஒரு தடவைகூட புரையேறுறதே இல்லையா? நெடிக்கு இருமாததை வச்சுப் பயப்பட வேணாம், அது வேற நார்னு நானே எழுதியிருக்கேன். ஆனா ரெண்டு காய்ச்சல் இருக்கு, டாக்டர்கிட்ட இதைச் சொல்லிக் காட்டுங்க.

மார்ச் 17, இரவு 8:30

கேள்விக்காரர் பதில் போட்டிருக்கார், எல்லாரும் பார்த்திருப்பீங்க. டாக்டர் தண்ணி குடிக்கச் சொல்லிப் பார்த்தாராம், முழுங்குறது சரியா இருக்காம். காப்பியில அடிக்கடி புரையேறும்னு அப்பத்தாவே சொன்னாங்களாம். நிம்மதி.

நெடி விஷயத்தை அவங்ககிட்டயே நேரா கேட்டிருக்கார். இத்தனை நாள் நாம யாருமே அதைச் செய்யச் சொல்லலை. அவங்க சொன்னது: "கொல்லைக் கதவைத் தெறந்துட்டு, அதுக்கு முதுகைக் காட்டி நிப்பேன். கெளர்றப்ப மூச்சை அடக்கிக்குவேன். முகத்தைத் திருப்பி மூச்சு விட்டுட்டு மறுபடி கெளறுவேன். பேசினாத்தானே இருமல், நீங்கதான் முகப்புல உக்காந்து வாய் ஓயாம பேசுறீங்க."

மரத்துப்போச்சு, யாஞ்சோ, 70 வருஷம்னு நான் எழுதினதெல்லாம் அங்கேயே கிடக்கட்டும், அழிக்கலை. காத்து கொல்லையிலிருந்து முகப்புக்கு ஓடுது, நெடி மொத்தமும் உங்க பக்கம். 3ஆம் தேதி காலையில சந்தேகப்பட்டது மட்டும் தேறுது.

இன்னைக்கு மிஷின்ல மூச்சை அடக்கிப் பார்த்தேன். பையை உதற எட்டு எண்ணுற நேரம் ஆகுது. பையனால எட்டு முடியுது, எனக்கு ஆறுலயே முட்டிக்கிச்சு. நாளைக்கு ரெண்டு மூட்டை குண்டு மிளகாய் வருது. பின்பக்கம் திறக்கலாம்னு பார்த்தா அங்க கதவே இல்லை, ஒரு ஜன்னல்தான். அது மேலயும் காலிச் சாக்கு அடுக்கி எத்தனை வருஷமாச்சோ.